நானே அடித்த இருபத்தாறு மணி நேரம்

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பெரியவன், சின்னவள் நால்வரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், அதிலும் என் காதுகள் இரண்டும் மிக மிக நன்றாக இருக்கின்றன. சண்டையை ஆரம்பிக்கும் முன் நலம் விசாரித்துவிடு என்று அப்பா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார், விசாரித்தாயிற்று. போனில் பேசினால் நீ டாக்டர் குரலில் ஆரம்பிப்பாய், நான் கத்துவேன், அப்பா நடுவில் புகுந்து வானிலை கேட்பார், ஒன்றும் உருப்படாது. அதனால்தான் கடிதம். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நீ என் பயிற்சியாளருக்குப் போன் செய்த விஷயம் எனக்குத் தெரிந்து நாலு மாதம் ஆகிறது. இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தது கோபம் ஆறட்டும் என்பதற்காக இல்லை, அது இன்னும் ஆறவில்லை, முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். அன்று காலை நான் விமானங்களை நிறுத்தும் ஹாங்கருக்குப் போனபோது அந்த மனிதர் விமானத்துக்குப் பக்கத்தில் நிற்காமல் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நீ அவர் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறாய், ஆளுக்கு உன் வயதுதான் இருக்கும், எதற்கெடுத்தாலும் மெதுவா மெதுவா என்பார், அதனால் ஹாங்கரில் அத்தனை பேருக்கும் அவர் மெதுவா சார். கையைப் பிசைந்துகொண்டு, மேடம், உங்க பொண்ணு பேசினாங்க, காது டாக்டராமே, உங்களுக்கு மூணு வருஷம் முன்னாடி தலைசுத்தல் வந்துச்சுன்னு சொன்னாங்க, இதைக் கேட்டதுக்கப்புறம் நான் உங்களை மேல கூட்டிட்டுப் போக முடியாது, மறுபடி டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிட்டு வாங்க என்றார். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குளித்துவிட்டு வெளியே வந்தபோது வந்த தலைசுற்றல் அது, அப்போது நீ விடுமுறைக்கு வந்திருந்தாய், என் தலையை உன் மடியில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி ஐந்து நிமிடத்தில் சரிசெய்தவளே நீதான். அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. விமானிகளைச் சோதிக்கும் டாக்டரிடம் நானே போய்ச் சொல்லி, ஆறு வாரம் கீழேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அவர் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் மறுபடி ஏறினேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் தலைசுற்றல் வந்ததைச் சொல்லிவிட்டு, தீர்ந்ததை விழுங்கிவிட்டாய் பார், அதுதான்டி எனக்கு வலித்தது. உன் மடியில் வைத்த தலையைப் பற்றி ஊரானிடம் போய்ச் சொல்லலாமா நீ.

ஏன் சொன்னாய் என்பதும் தெரியும். மேகத்துக்குள் நடந்ததை அப்பா உன்னிடம் சொல்லியிருக்கிறார், அவர் பாதி அழுகையும் பாதி விக்கலுமாகச் சொல்லியிருப்பார், அதனால் நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன். விமானம் ஓட்டத் தொடங்கி முப்பது வருஷம், அதில் பத்தொன்பது வருஷமாக வாரத்தில் மூன்று நாள் நர்ஸம்மாவையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மூன்று தீவுகளுக்கும் போய் வருகிறவள் உன் அம்மா. இதுவரைக்கும் எல்லாம் கண்ணால் பார்த்து ஓட்டியதுதான், கடல் தெரிய வேண்டும், கரை தெரிய வேண்டும், மேகம் தாழ்ந்தால் கிளம்பக்கூடாது, கான்டீனில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் நாங்கள் இங்கே டீ குடிப்போம், அங்கே சர்க்கரை நோயாளிகள் ஊசி மருந்துக்குக் காத்திருப்பார்கள். இந்த வருஷம் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. வருஷக் கடைசிக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியை வாங்காதவர்கள் தீவு ஓட்டத்தை விட்டுவிட வேண்டும், பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் மேஜைக்குப் போகலாம். ஐம்பத்தொன்பது வயதில் பசை டப்பாவோடு உட்காரவா நான் பிறந்தேன். மறுநாளே பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிட்டேன்.

மேகத்துக்குள் நுழைந்தால் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இருக்காது, வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அப்போது காதுக்குள் இருக்கும் நீர் பொய் சொல்லும், அது உன் பாடம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விமானம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தால் காதுக்குத் தெரியாது, அதைச் சட்டென்று நிமிர்த்தினால் ஐயோ சாய்கிறோம் என்று கத்தும். அதனால் உடம்பு சொல்வதைத் தூக்கிப் போட்டுவிட்டு எதிரில் இருக்கும் ஆறு கருவிகள் சொல்வதை மட்டும் கேட்க வேண்டும், சாய்வு, உயரம், வேகம், திசை என்று கண் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஒன்றிலும் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. இதைக் கற்றுக்கொடுக்கத் தலையில் ஒரு பிளாஸ்டிக் மறைப்பை மாட்டிவிடுவார்கள், குதிரைக்குக் கண்பட்டை கட்டுகிற மாதிரிதான், கருவிப் பலகை மட்டும் தெரியும், வெளியே தெரியாது. வெளியே பார்க்கிற வேலை பக்கத்து சீட்டில் இருக்கும் மெதுவா சாருடையது. முதல் நான்கு நாள் குடித்தவள் மாதிரி ஓட்டினேன். ஐந்தாம் நாளிலிருந்து பிரமாதம். இருபது வயசுப் பசங்களுக்கே இவ்வளவு சீக்கிரம் கை வராது மேடம் என்று அவர் வாயைப் பிளந்தார், நானும் உனக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பீற்றிக்கொண்டேன். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, இன்னிக்கு நிஜ மேகத்துக்குள்ள போய்ப் பார்ப்போமா என்றார். போனோம். மறைப்பைக் கழற்றிவிட்டேன், அதற்கு அவசியமே இல்லை, அவ்வளவு அடர்த்தி. நாலே நிமிடம்தான் குட்டி. விமானம் வலது பக்கம் சாய்கிறது என்று என் உடம்பு முழுக்கச் சொன்னது, நான் இடது பக்கம் திருப்பினேன், இன்னும் சாய்கிற மாதிரியே இருந்தது, இன்னும் திருப்பினேன். வேகமானி ஏறுகிறது, உயரம் இறங்குகிறது, இரண்டையும் பார்க்கிறேன், ஆனால் எனக்கு அது ஏதோ யாருக்கோ நடப்பது போல இருந்தது. மெதுவா சார் அன்றைக்கு மெதுவா என்று சொல்லவில்லை, விடுங்க என்று அதட்டிவிட்டு அவர் கையில் எடுத்துக்கொண்டார். எழுநூறு அடி இழந்திருந்தோம். இறங்கின பிறகு இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன், அவர் உன்னிடம் சொன்னார், நீ மெதுவா சாரிடம் சொன்னாய், ஆக என் குடும்பமே சேர்ந்து என்னைக் கீழே இறக்கியது.

இப்போது கேள். விமானிகளின் டாக்டர் என்னைச் சுழலும் நாற்காலியில் உட்காரவைத்து ராட்டினம் மாதிரி சுற்றிவிட்டார், கண்ணில் விளக்கு அடித்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், இரண்டு காதும் உங்க வயசுக்கு அருமையா இருக்கும்மா என்று எழுதியும் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனால் அவர் காகிதத்தை ஒரு முறை பார்த்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார். அவர் கெட்டவரில்லை, ஆனால் எல்லாவற்றையும் பூசி மெழுகுகிறவர். டாக்டர் சொல்றது இருக்கட்டும்மா, உங்க பொண்ணே டாக்டர், அவங்களே சொல்லிட்டாங்க, காதுன்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துட்டு நீங்களா விலகிக்கிட்டா உங்க மரியாதை உங்களுக்கு, பத்தொன்பது வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டியிருக்கீங்க, கேக் வெட்டி, எல்லாரையும் கூப்பிட்டு, கௌரவமா அனுப்பி வைக்கிறோம் என்றார். நீ செய்த ஒரு போன் எனக்கு எவ்வளவு அழகான கதவைத் திறந்து வைத்திருந்தது பார். உடம்பு சரியில்லாமல் போனவளைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். பாவம், காது என்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் மேகத்துக்குள் நான் ஏன் தோற்றேன் என்று எனக்குத் தெரியும். காது இல்லை. வெயில். நாங்கள் எப்போதும் காலை எட்டு மணிக்குத்தான் கிளம்புவோம், பளிச்சென்று வெயில் அடிக்கும், என் பக்கத்து ஜன்னல் வழியாக ஒரு வெயில் துண்டு கருவிப் பலகை மேல் விழும், ஜன்னல் சட்டத்தின் நிழல் அதன் நடுவில் கோடு போட்ட மாதிரி நிற்கும். விமானம் இம்மி திரும்பினாலும் அந்தக் கோடு நகரும். ஐந்தாம் நாள் எனக்கு அது தெரிந்துபோனது. அதன் பிறகு நான் கருவிகளை எங்கே பார்த்தேன், அந்த நிழல் கோட்டை நகரவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், கருவிகளைச் சும்மா ஒரு மரியாதைக்கு எட்டிப் பார்த்தேன். அது போதாதென்று அந்த பிளாஸ்டிக் மறைப்புக்குக் கீழே, மூக்கோரமாக ஒரு இடுக்கு இருக்கிறது, தலையைச் சற்றுத் தூக்கினால் கடலோரம் ஒரு நூல் அளவுக்குத் தெரியும். தலையைச் சற்றுத் தூக்கத்தான் செய்தேன். வேண்டுமென்றா செய்தாய் என்று கேட்பாய். அந்த ஐந்தாம் நாள் தற்செயல், மறுநாளிலிருந்து தெரிந்தேதான். முப்பது வருஷம் கண்ணை நம்பி ஓட்டியவள், கண்ணைக் கட்டினாலும் அது வழி தேடிக்கொண்டது, எனக்கும் பாராட்டு இனித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நல்ல மனிதரின் கண்ணில் நான் மண்ணைத் தூவினேன். நிஜ மேகத்துக்குள் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை, நூல் அளவுக் கடலும் இல்லை, நான் கற்றுக்கொண்டது எதுவுமே இல்லை என்பது நாலே நிமிடத்தில் வெளிப்பட்டுவிட்டது.

ஆக என் முன்னால் இருந்தது இதுதான். காது என்று சொன்னால் கேக், கைதட்டல், மேஜை. காது இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால் வேறு என்ன என்று சொல்லியாக வேண்டும். என் காது மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்க மாட்டேன் என்று மறுநாள் காலை முடிவு செய்தேன், போய் மெதுவா சாரை ஹாங்கருக்குப் பின்னால் டயர்கள் அடுக்கிய இடத்துக்குக் கூட்டிப்போய், நிழல் கோடு, இடுக்கு, கடலோரம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஐம்பத்தொன்பது வயதில், மகள் வயதுக்காரர் முன்னால், காப்பி அடித்துப் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றேன். அவர் முகம் சிவந்துபோனது. திட்டுவார் என்று பார்த்தால், வெயில் எங்க விழுதுன்னு பார்க்க வேண்டியது என் வேலை மேடம், நானும் தினம் அதே நேரத்துக்குக் கூட்டிட்டுப் போனேனே என்று தன்னையே நொந்துகொண்டார். சரி விடுங்க, யாருக்கும் தெரியாது, பயணப் புத்தகத்துல மணி நேரம் எழுதியிருக்கு, இன்னும் கொஞ்சம் ஓட்டினா போதும் என்றார். அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. பறந்த மணி நேரத்தையெல்லாம் கணக்கு எழுதும் என் பயணப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, அந்த டயர் மேலேயே வைத்து, ஐந்தாம் நாளிலிருந்து எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக, அளவுகோல் வைத்து, சிவப்பு மையால் அடித்தேன். இருபத்தாறு மணி நேரம். பக்கத்தில் காரணம் எழுதி நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, நீங்களும் போடுங்க என்று நீட்டினேன். போட்டார். மேனேஜருக்குத்தான் தாங்கவில்லை. இதை எவனாவது எழுதி வைப்பானா, வருஷம் முடிய மூணு மாசம்தான் இருக்கு, மறுபடி முதல்லேருந்தா, உங்களுக்கு என்ன பைத்தியமா என்று கத்தினார். ஆமாம், பைத்தியம்தான், மூணு மாசத்துல முடியலன்னா சீட்டு ஒட்ட நானே வர்றேன், பசை வாங்கி வையுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி உன் அப்பா கதை. அவரிடம் மூன்று நாள் நான் பேசவில்லை. நீ தானாகப் போன் செய்திருக்க மாட்டாய் என்று எனக்கு ஒரு சந்தேகம், கேட்டேன், ஆமா, நான்தான் பேசச் சொன்னேன், எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா என்றார். நாற்பது வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் காதல் வசனம் அதுதான், அதுவும் குற்றத்தை ஒத்துக்கொள்ளும்போது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நாலாம் நாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என் முகத்தை அளந்தார், நெற்றி, கன்னம், காதுக்குக் காது, மூக்குத் தண்டின் உயரம். அந்த பிளாஸ்டிக்கைக் கொண்டுவரச் சொல்லி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இதை ஒரு ஆளு மறைப்புன்னு வித்திருக்கானே என்று காறித் துப்பாத குறையாகத் தூக்கிப் போட்டார். இரண்டு மடிப்புக் கறுப்புத் துணி, உள்ளே கனமான லைனிங், மூக்குக்குக் கீழே பஞ்சு வைத்த பட்டி, பின்னால் இழுத்துக் கட்ட எலாஸ்டிக். அது மட்டுமில்லை, என் பக்கத்து ஜன்னலுக்கும் எனக்கு எதிரே உள்ள கண்ணாடிப் பாதிக்கும் பிரஸ் பட்டன் வைத்த திரை, ஹாங்கருக்கே வந்து சாக்பீஸால் குறி போட்டு, மெதுவா சாரை அவர் சீட்டில் உட்காரவைத்து, உங்களுக்கு எல்லா பக்கமும் தெரியுதா என்று பத்துத் தடவை கேட்டுத் தைத்தார். மாட்டிப் பார்த்தால் ஒரு ஊசி நுழையும் வெளிச்சம் இல்லை. எனக்கு இஷ்டம் இல்லை, ஆனா அரைகுறையா ஒரு வேலையைச் செஞ்சு எனக்குப் பழக்கம் இல்லை என்றார். உன் அப்பாவைப் பற்றி நீ எவ்வளவு வேண்டுமானாலும் குறை சொல்லு, தையலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

மறுபடி பூஜ்யத்திலிருந்து. ஊரில் எல்லோரும் வெயில் வந்தால் பறப்பார்கள், மெதுவா சார் என்னை வெயில் நாளில் ஹாங்கர் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வானம் எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கும் நாளாகப் பார்த்துக் கூப்பிடுவார். திரைக்குள் உட்கார்ந்து நான் ஓட்டியதைப் பார்த்திருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய், அவ்வளவு கேவலம். உயரத்தைப் பிடித்தால் திசை ஓடியது, திசையைப் பிடித்தால் வேகம் செத்தது. இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு முன்னால் தேறிப் போனாள், ஆன்ட்டி, உங்களுக்கும் வந்துடும் என்று எனக்கு ஆறுதல் வேறு. வந்துடுமா வராதான்னு நான் பார்த்துக்கறேன், நீ போய் உன் லேண்டிங்கைச் சரிபண்ணு என்றேன், பாவம் அவள். வீட்டில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, அட்டையில் ஆறு கருவிகளையும் வரைந்து சுவரில் ஒட்டி, கண்ணை ஓட்டிப் பழகினேன். அப்பா தையல் மெஷினில் இருந்தபடியே கட்டுப்பாட்டு அறை ஆனார். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார், நாலு நாளில் தலைக்கேறிவிட்டது, வலது பக்கம் முப்பது டிகிரி திரும்பு, மூவாயிரத்துக்கு இறங்கு, ஏன் பதில் சொல்லல, தூங்கறியா என்று மிரட்டல். துணி வாங்க வந்த ஒரு அம்மாள் வாசலில் இருந்து கேட்டுவிட்டு, வீட்டுக்காரிய இப்படியா விரட்டுவாங்க என்று அவரைத் திட்டிவிட்டுப் போனார். நிஜ மேகத்துக்குள்ளும் போனோம், ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் பயந்தேன், அதை உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது. சாய்கிறாய், விழுகிறாய், திருப்பு திருப்பு என்று உடம்பு கெஞ்சும், கருவி மட்டும் நேராக இருக்கிறாய் என்று சொல்லும். வாயை மூடு என்று என் உடம்பிடம் நான் சத்தமாகச் சொன்னேன், மெதுவா சார் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துப் பேச்சை நிறுத்திவிட்டார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, உடம்பு கத்திக்கொண்டே இருக்க, கை பாட்டுக்குக் கை வேலையைச் செய்தது. பயம் போகவில்லை குட்டி, அதன் பேச்சைக் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை பரீட்சை. பரிசோதகர் ஒரு அம்மாள், என்னைவிடப் பத்து வயது சின்னவர், சிரிப்பதற்குத் தனியாகச் சம்பளம் கேட்பார் போல. பயணப் புத்தகத்தில் நான் அடித்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேலே போனதும் ஒரு ரப்பர் மூடியை எடுத்துச் சாய்வு காட்டும் கருவி மேல் ஒட்டி, இது கெட்டுப்போச்சு, ஓட்டுங்க என்றார், ஓட்டினேன். பதினைந்து நிமிடம் கழித்துத் திசை காட்டும் கருவிக்கும் ஒரு மூடி. அதற்கும் ஓட்டினேன். கடைசியில் நம் நிலையத்துக்கே இறங்க வேண்டும், மேகம் நிஜமாகவே தாழ்ந்திருந்தது, திரைக்குக்கூட வேலை இல்லை, கழற்றிவிட்டார். கருவிகளை மட்டும் பார்த்து ஐந்நூறு அடி வரை இறங்கலாம், அங்கே ஓடுபாதை தெரிந்தால் இறக்கலாம், தெரியாவிட்டால் ஏறிவிட வேண்டும், அதுதான் சட்டம். ஐந்நூறு அடிக்கு வந்தேன். வெள்ளைச் சுவர். எனக்குத் தெரியாத இடமா அது, இன்னும் ஐம்பது அடி இறங்கினால் இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி தெரியும், அதற்குப் பின்னால் பள்ளிக்கூடக் கூரை, அதற்கு நேரே ஓடுபாதை, முப்பது வருஷமாகக் கண்ணை மூடினாலும் தெரிகிற இடம். ஐம்பதே ஐம்பது அடி. இஞ்சினை முழுக்கத் திறந்து மூக்கைத் தூக்கினேன், ஏறினோம், சுற்றிவந்து மறுபடி முயன்றேன், இந்தத் தடவை அறுநூறிலேயே விளக்குகள் தெரிந்தன, இறக்கினேன். இஞ்சினை அணைத்த பிறகு அவர் முதல் முறையாக என் பக்கம் முழுசாகத் திரும்பி, பழைய விமானிங்க பெரும்பாலும் அந்த அம்பது அடியிலதான் தோத்துப் போவாங்க, அதுக்குத்தான் காத்திட்டிருந்தேன் என்றார். தேறிவிட்டேன்டி. முதல் தடவையிலேயே. வருஷம் முடிய ஒன்பது நாள் பாக்கி வைத்து.

திங்கள்கிழமை மேகத்துக்குள் நர்ஸம்மாவோடு முதல் ஓட்டம் போனேன், அவர் வழக்கம்போல ஏறியதும் தூங்கிவிட்டார், இரண்டாவது தீவில் இறங்கினபோதுதான் விழித்து, வெளியே இப்படி மூடியிருக்கே, எப்படி வந்தோம் என்று கேட்டார். பதினெட்டு நாளாக மருந்து போகாத தீவு அது. இதோடு முடிந்தது என்றும் நினைக்காதே, இந்தக் கை சும்மா இருந்தால் இரண்டு மாதத்தில் துருப்பிடிக்கும், அதனால் மாதம் இரண்டு நாள் திரை போட்டு மெதுவா சாரோடு பறக்க ஏற்பாடு செய்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சமையலறை நாற்காலியும் உண்டு, அப்பாவிடமிருந்து கட்டுப்பாட்டு அறையை இனிப் பிடுங்க முடியாது. நீயும் கேட்டுக்கொள். தலைமை டாக்டர் ஆனதிலிருந்து மீட்டிங் மீட்டிங் என்கிறாய், வாரத்துக்கு ஒரு ஆபரேஷனாவது உன் கையால் செய், கோப்பில் கையெழுத்துப் போட்டே கை மறந்துபோகும். பெரியவனின் இருமலுக்கு உனக்குத் தெரியாத மருந்தா, இருந்தாலும் அவனை ஏசி காற்று நேரே படும்படி படுக்கவைக்காதே. மாப்பிள்ளை மறுபடி ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறாராமே, நான் கேட்டேன் என்று சொல்.

நான் எப்போது நிறுத்துவேன் என்று கேட்கிறாய் அல்லவா. என்னால் முடியாத அன்றைக்கு நிறுத்துவேன். அது எந்த நாள் என்று நீ ஊகிக்க வேண்டாம், மேனேஜர் ஊகிக்க வேண்டாம், அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டாம், அந்த நாளை முதலில் பார்க்கப்போகிறவள் நான்தான், பார்த்ததும் மறைக்காமல் சொல்வேன், தேறாத மணி நேரத்தைச் சொந்தக் கையால் அடித்தவளை இந்த விஷயத்தில் நம்பலாம். அதுவரை என்னை யாரும் பத்திரப்படுத்த வேண்டாம். நீ மெதுவா சாருக்கு ஒரு போன் செய், நீ சொல்லாமல் விட்ட அந்தப் பாதியை உன் வாயால் சொல், மன்னிப்பும் கேள், நல்ல மனிதர், உன் பேச்சால் இரண்டு வாரம் தூங்காமல் கிடந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், கேட்டால் அழுதுவிடுவேன், எனக்கு இன்னும் கோபம் மிச்சம் இருக்கிறது, அதை வீணாக்க இஷ்டம் இல்லை. நீயும் குழந்தைகளும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, ஆண்டாண்டு காலம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் சேர்த்து. ஒன்றே ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நீ பயப்படுவது தப்பில்லை, நீ பயப்படாவிட்டால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் இனிமேல் பயம் வந்தால் வேறு யாருக்கும் போன் செய்யாதே, எனக்குச் செய். நான் எடுக்கவில்லை என்றால் மேலே இருக்கிறேன் என்று அர்த்தம், இறங்கியதும் நானே கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா, தீவு ஓட்ட விமானி